துள்ளு மேடையும் நான்கு பருவங்களும்

பந்துமுனைப் பேனாவினுள் உள்ள சிறு சுருள்வில்லை எடுத்து, இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்து விடுங்கள். அது பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். சற்று அதிகமாக இழுங்கள், அப்போதும் திரும்பும். மும்மடங்கு நீளத்துக்கு இழுத்தால்? விட்ட பின்னும் நீண்டபடியே நிற்கும். விசைக்கு ஏற்ப நீட்சி அமையும் என்பது இராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி. விசையை நீக்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும் பண்பு மீட்சி எனப்படும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதுவே மீட்சி எல்லை.

இப்பண்பை நம்பி அமைக்கப்பட்டதுதான் டிராம்பொலின் எனப்படும் துள்ளு மேடை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜார்ஜ் நிஸ்ஸன், லாரி கிரிஸ்வால்டு ஆகிய இருவரும் 1934ஆம் ஆண்டில் இதன் இன்றைய வடிவத்தை உருவாக்கினர். 2000ஆம் ஆண்டில் சிட்னியில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இது முதன்முதலாக இடம் பெற்றது. அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் வீட்டின் கொல்லைப்புறத்திலேயே இதை நிறுத்தி வைக்கிறார்கள். எஃகுக் குழாயாலான வட்டச் சட்டம். நடுவில் பிளாஸ்டிக் இழைகளால் நெய்த கறுப்பு விரிப்பு. இரண்டையும் இணைக்கும் பல பத்துச் சுருள்வில்கள். சுற்றிலும் ஒரு வலை. இவ்வளவே அதன் அமைப்பு.

பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரம் இதன்மீது துள்ளுவதாகக் கொள்வோம். மற்ற 23 மணி நேரமும் அது வெயிலிலும் மழையிலும் காற்றிலும் நிற்கிறது. பழுது பெரும்பாலும் அந்த 23 மணி நேரத்தில்தான் சேர்கிறது. அது வெளிப்படுவதோ ஒரு பிள்ளை மேலே இருக்கும் நேரத்தில்! ஆகவே இதைப் பாதுகாப்பது என்பது, பருவந்தோறும் இயற்கை என்ன செய்கிறது என்று அறிந்து நடப்பதே ஆகும்.

எவ்வளவு விசை?

40 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவன் 1 மீட்டர் உயரத்திலிருந்து விரிப்பின்மீது விழுகிறான். விரிப்பு அரை மீட்டர் கீழே அமிழ்ந்து அவனை நிறுத்துகிறது. விழும் தூரம் மொத்தம் 1.5 மீட்டர், நிறுத்தும் தூரம் 0.5 மீட்டர். ஆகவே விரிப்பு அவன்மீது செலுத்தும் சராசரி விசை அவன் எடையைப்போல 3 மடங்கு. விரிப்பு ஹூக் விதிப்படி இயங்குவதாகக் கொண்டால், அடிப்புள்ளியில் விசை இதைப்போல இரு மடங்கு, அதாவது எடையைப்போல 6 மடங்கு. ஏறத்தாழ 2,350 நியூட்டன்! அதே மாணவன் அதே உயரத்திலிருந்து கட்டாந்தரையில் விழுந்து 5 சென்டிமீட்டருக்குள் நின்றால், சராசரி விசையே 21 மடங்காகும். விரிப்பும் வில்களும் நம்மை எதிலிருந்து காக்கின்றன என்பது இப்போது விளங்கும்.

வசந்தம்: சோதிக்கும் காலம்

பனிக்காலம் முடிந்ததும், யாரும் ஏறுமுன் மேடையை முழுதும் சோதிக்க வேண்டும். சுருள்வில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். நல்ல வில்லில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். இழுக்காத நிலையிலும் சுற்றுகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால், அது மீட்சி எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றியே ஆக வேண்டும்.

ஒரு வில் போனால் என்ன என்று கேட்கலாம். அது தாங்க வேண்டிய சுமையை அண்டை வில்கள் தாங்குகின்றன. அவையும் விரைவில் தளரும். மேலும், அந்தப் பக்கத்தில் இழுப்பு குறைவதால் விரிப்பு துள்ளுபவரை நேராக மேலே அனுப்பாமல் ஒரு பக்கமாகத் தள்ளும். மேடை சாய்ந்த தரையில் நின்றாலும் இதே கேடுதான்.

சட்டத்தின் பற்றவைப்பு இணைப்புகளையும் பாருங்கள். எஃகின்மீது பூசிய துத்தநாக முலாம், தான் அரிக்கப்பட்டு எஃகைக் காக்கிறது. முலாம் தேய்ந்த இடத்தில் துரு தொடங்கும். மேலோடு படிந்த துருவைத் தேய்த்து நீக்கி, துத்தநாகப் பூச்சு இடலாம். துரு குழாயையே அரித்திருந்தால் அப்பகுதியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கோடை: கண்ணுக்குத் தெரியாத கத்தரி

சர்க்கரை வரும் பிளாஸ்டிக் சாக்கைச் சில மாதங்கள் வெயிலில் போட்டு வைத்தால், தொட்டவுடன் இழை இழையாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். துள்ளு மேடையின் விரிப்பும் பெரும்பாலும் அதே பாலிபுரொப்பிலீனால் ஆனதுதான்.

சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் 1.8 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலே உள்ளது. 310 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரின் ஃபோட்டானிடம் 4 எலெக்ட்ரான் வோல்ட் உள்ளது. கார்பன் அணுக்களின் ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 3.6 போதும். புற ஊதாக் கதிர் தொடங்கி வைக்கும் முறிவைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேலும் வளர்க்கிறது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டு துண்டாகின்றன, இழை வலுவிழக்கிறது. இதைத் தடுக்கவே இழையில் கரித்தூள் சேர்க்கிறார்கள். அது கதிர்களை உட்கவர்ந்துகொள்ளும். விரிப்பு கறுப்பாக இருப்பதன் காரணம் இதுவே.

பயன்படுத்தாத நேரத்தில் மேடையை மூடி வைப்பது நல்லது. விரிப்பின் தையல் ஓரங்களையும் வலையையும் மாதம் ஒருமுறை பாருங்கள். நிறம் வெளுத்து, இழை பிசிர் விட்டிருந்தால் விரிப்பின் ஆயுள் முடிந்தது என்று கொள்க.

இலையுதிர் காலம்: ஈரமும் காற்றும்

உதிர்ந்த இலைகள் விரிப்பின்மீது குவிந்தால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் நீங்காத இடத்தில் துருவும் பூஞ்சையும் வளரும். அவ்வப்போது பெருக்கிவிட வேண்டும்.

காற்றைப் பற்றி இன்னும் கவனம் தேவை. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அது சதுர மீட்டருக்கு 240 நியூட்டன். 4 மீட்டர் விட்டமுள்ள மேடையின் பரப்பு 12.5 சதுர மீட்டர். ஆக மொத்தம் 3,000 நியூட்டன். இதில் பாதி மட்டும் மேல்நோக்கிச் செயற்பட்டாலும் 150 கிலோகிராமைத் தூக்கிவிடும்! இத்தகைய மேடைகள் பலவற்றின் நிறை இதைவிடக் குறைவு. எனவே கால்களைத் தரையில் ஆழத் திருகிய முளைகளோடு பிணைக்க வேண்டும். புயல் வருமெனத் தெரிந்தால் வலையை முன்னதாகவே கழற்றிவிட வேண்டும்; அது பாய்மரம் போல் காற்றைப் பிடிக்கும்.

குளிர்காலம்: அசையாத சுமை

புதிதாகப் பெய்த பனியின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோகிராம். அது 20 சென்டிமீட்டர் உயரம் படிந்தால் அதே மேடையின்மீது 250 கிலோகிராம் சுமை. பனி உருகி ஈரமாகி இறுகினால் அதே உயரத்துக்கு இன்னும் இரண்டு மூன்று மடங்கு. துள்ளும் மாணவன் தரும் விசை ஒரு நொடிக்குள் நீங்கிவிடும். பனியோ நாட்கணக்கில் இறங்காது. வில்கள் நீண்டபடியே கிடக்கும். உறைநிலையை ஒட்டிய குளிரில் பாலிபுரொப்பிலீன் விறைத்து, எளிதில் விரிசல் விடும். ஆகவே பனிக்காலத்துக்கு முன்பே விரிப்பு, வில்கள், வலை ஆகியவற்றைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைப்பதே சிறந்தது. முடியாவிடில், பனியை மென்மையான துடைப்பத்தால் தள்ளுக. இரும்பு மண்வாரி விரிப்பைக் கிழித்துவிடும்.

எந்தப் பருவத்துக்கும் ஒரு விதி

மேடை எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒருவரே துள்ள வேண்டும். 70 கிலோகிராம் நிறையுள்ளவர் 1 மீட்டர் விழும்போது 686 ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. விரிப்பு மேலெழும் கணத்தில் 25 கிலோகிராம் நிறையுள்ள குழந்தையும் அதன்மீது நின்று, அந்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றால், எதிர்பார்த்ததைவிட 56 சென்டிமீட்டர் கூடுதலாக உயரும். எங்கே, எப்படி விழும் என்பது அதன் கட்டுப்பாட்டில் இராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, காயங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பலர் ஒன்றாகத் துள்ளும்போது நேர்ந்தவை. அவற்றில் அதிகம் அடிபடுவோர் சிறியவர்களே. வீட்டில் பொழுதுபோக்குக்காக இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அக்கழகத்தின் அறிவுரை.

அதையும் மீறி வைத்திருப்பவர்கள், ஒரு குறிப்பேட்டையும் ஓர் அளவுகோலையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். சோதித்த நாள், வில்களின் நீளம், மாற்றிய உறுப்புகள் ஆகியவற்றை அதில் எழுதி வரலாம். சென்ற வசந்தத்தில் எழுதிய நீளத்தோடு இந்த வசந்தத்தின் நீளத்தை ஒப்பிட்டால், எந்த வில் தளரத் தொடங்கியது என்பது அது முறிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.