‘அது அவங்கட ரத்தத்திலயே உள்ளது’ என்று சொல்லுமுன்…

எமது பகுதியில் மூன்று இடங்களில் ஒரே வார்த்தையைக் கேட்கலாம். முதலாவது, கல்யாணப் பேச்சு. “பொடியன் நல்லவன்தான். ஆனா அவன்ட வாப்பா மனநோயில கிடந்தவர். ரத்தத்தில உள்ளது ஒரு நாளைக்கு வெளிய வரும்.” இரண்டாவது, பாடசாலை. “அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான்.” மூன்றாவது, இனங்களுக்கிடையே ஒரு சச்சரவு வரும் போது. “அவங்கட ரத்தமே அப்படி.” இதை நாம் தமிழரைப் பற்றிச் சொல்கிறோம். அவர்களும் நம்மைப் பற்றிச் சொல்கிறார்கள்.

இந்த வார்த்தையால் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன, பிள்ளைகள் கைவிடப்பட்டிருக்கிறார்கள், ஊர்கள் பகைத்திருக்கின்றன. எனவே அறிவியல் இதைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது என்பதை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு நமக்குப் பக்கத்திலேயே உள்ள ஓர் ஊரிலிருந்து தொடங்கலாம்.

கதிரவெளி கண்டது

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், திருகோணமலை வீதியில், வாகரையைத் தாண்டி இருக்கும் கரையோரத் தமிழ்க் கிராமம் கதிரவெளி. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையைத் தாக்கியது. அதன் பின் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2006 நவம்பர் 8 அன்று, இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் இராணுவம் ஏவிய எறிகணைகள் விழுந்து 40க்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். எஞ்சியவர்கள் மட்டக்களப்புப் பக்க நலன்புரி முகாம்களுக்கு ஓடி வந்தனர்.

அன்று பாலர் வயதில் இருந்தவர்கள் இன்று இருபதைக் கடந்த இளைஞர்கள். கடலும் எறிகணையும் முகாமும் எல்லாருக்கும் பொதுவாக வந்தவை. ஆனால் இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஆகிவிடுவதில்லை.

2008இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. வடக்கு கிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலை மாணவர்களை, தமிழ் பேசும் உளவள ஆலோசகர்கள் நேரில் கண்டு விசாரித்தார்கள். 82.4 சதவீதமானோர் போர் தொடர்பான ஒரு கொடிய அனுபவத்தையாவது கண்டிருந்தனர். நெருக்கீட்டின் பின்னான மனவடு நோய் 30.4 சதவீதமானோருக்கு இருந்தது. பத்தில் மூன்று பிள்ளைகள் என்பது மிகப் பெரிய துயரம். ஆனாலும் மற்ற ஏழு பேருக்கு அந்த நோய் ஏன் வரவில்லை?

ஒரு பகுதி விடை, யார் எவ்வளவு கண்டார்கள் என்பதில் இருக்கிறது. இன்னொரு பகுதி, பிறவியிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்த இயல்பில் இருக்கிறது. மற்றொரு பகுதி வீட்டுக்குள் இருக்கிறது. அதே ஆய்வில் 95.6 சதவீதமான பிள்ளைகள் குடும்ப வன்முறையில் ஏதாவது ஒரு வகையை அனுபவித்ததாகக் கூறினார்கள். தகப்பனின் குடிப்பழக்கமும் போர் அனுபவங்களும் அதிகமாக இருந்த இடத்தில் பிள்ளை படும் அடியும் அதிகமாக இருந்தது. வெளியே நடந்த யுத்தம் வீட்டுக்குள்ளும் தொடர்ந்திருக்கிறது.

மரபணுவின் பங்கு எவ்வளவு?

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அது பொய். இதை அளக்க விஞ்ஞானிகள் இரட்டையர்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுதும் ஒன்றே. இரு கருவில் உருவான இரட்டையர், மற்றச் சகோதரர்களைப் போல ஏறத்தாழ பாதியையே பகிர்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில் வளரும் போது, முதல் வகையினர் குணத்தில் அதிகம் ஒத்திருந்தால் அங்கே மரபணுவின் கை இருக்கிறது என்று கணிக்கிறார்கள். இப்படி 50 வருடங்களாக உலகெங்கும் செய்யப்பட்ட இரட்டையர் ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ஆராயப்பட்ட பண்புகளில் மனிதருக்கிடையே உள்ள வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதம் மரபுவழி வந்தது என்று தெரிந்தது.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 49 சதவீதம் என்றால் ஒருவரின் கோபத்தில் பாதி வாப்பாவிடமிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தாருக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது.

நம் விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மூடை விதைநெல்லை இரண்டாகப் பிரித்து, பாதியை வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலிலும் பாதியை உப்பேறிய வயலிலும் விதையுங்கள். ஒவ்வொரு வயலுக்குள்ளும் ஒரு பயிர் உயர்ந்தும் ஒரு பயிர் தாழ்ந்தும் நிற்பதில் விதைக்குப் பங்கு உண்டு. ஆனால் இந்த வயலுக்கும் அந்த வயலுக்கும் உள்ள வித்தியாசம் மண்ணாலும் தண்ணீராலும் வந்தது. “அந்த இனத்தின் ரத்தமே அப்படி” என்பவர் உப்பு வயலைப் பார்த்துவிட்டு விதையைக் குறை சொல்கிறார்.

மரபணுவின் பங்கு எல்லாரிடமும் ஒரே அளவில் தெரிவதுமில்லை. பேராசிரியர் அதுல சுமதிபால தலைமையிலான குழு, லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களோடு சேர்ந்து கொழும்பு மாவட்டத்து இரட்டையரிடம் ஆய்வு செய்தது. 2009இல் வெளியான அதன் முடிவில், மனச்சோர்வில் மரபணுவின் பங்கு பெண்களிடம் தெளிவாகத் தெரிந்தது. ஆண்களிடம் அது மிகச் சிறிதாகவே இருந்தது. அவர்களிடம் சூழலே பெரிதாக நின்றது. ஒரே மாவட்டத்திலேயே இப்படியென்றால், ‘ரத்தம்’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் எப்படி விளக்குவது?

‘ஒரு மரபணு’ என்ற மாயை

2003இல் நியூசிலாந்தின் டனீடின் நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அங்கே 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆய்வாளர்கள் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வந்தார்கள். செரட்டோனின் தொடர்பான ஒரு மரபணுவின் ஒரு வடிவத்தைக் கொண்டவர்கள், வாழ்க்கையில் பெருந்துன்பம் வந்தபோது மற்றவர்களைவிட அதிகமாக மனச்சோர்வுக்கு ஆளானார்கள் என்று அது கூறியது. உலகமே அதைப் பேசியது. ஆனால் பிறகு பல இலட்சம் பேரின் தரவுகளை வைத்துச் சோதித்தபோது அந்த முடிவு நிலைக்கவில்லை. இன்று விளங்கியிருப்பது என்னவென்றால், மனித நடத்தையின் பின்னால் ஒரு மரபணு இல்லை. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் உள்ளன. ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவே தள்ளுகிறது. எந்தப் பக்கம் போய் விழுவது என்பதில் சூழலுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

அதற்கு நல்ல சாட்சி ருமேனியாவிலிருந்து வருகிறது. அங்கே அநாதை இல்லங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்த 136 குழந்தைகளில் ஒரு பகுதியினரை, குலுக்கல் முறையில் தெரிந்து, வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி, இல்லத்திலேயே இருந்தவர்களைவிட முன்னேறியது. ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் அதிகப் பயன் பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளின் மரபணு எதுவும் மாற்றப்படவில்லை. மாறியது அவர்களைத் தூக்கிய கைகள் மட்டும்தான்.

மார்க்கம் இரண்டையும் ஏற்றது

இதில் நமக்கு அந்நியமாக எதுவும் இல்லை. தன் மனைவி கறுப்பு நிறக் குழந்தை பெற்றதால் சந்தேகம் கொண்டு வந்த ஒருவரிடம், நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டு, மூதாதையரின் சாயல் பின்னால் வரக்கூடும் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்த சம்பவம் புகாரியில் பதிவாகியுள்ளது. பரம்பரை உண்டு என்பதை அது காட்டுகிறது. அங்கே அந்த அறிவு ஒரு பெண்ணையும் பிள்ளையையும் பழியிலிருந்து காத்தது. நாமோ அதே அறிவைப் பிள்ளைகள் மீது பழி போடப் பயன்படுத்துகிறோம்.

அப்துல் கைஸ் கூட்டத்தின் தலைவர் அஷஜ், தம்மிடமுள்ள நிதானம் பிறவியில் வந்ததா, தாமே வளர்த்ததா என்று கேட்டபோது, அல்லாஹ் அதை அவருக்கு இயல்பாகவே தந்தான் என்று பதில் கிடைத்தது. அதே வேளை, எல்லாக் குழந்தையும் தூய இயற்கையில் பிறக்கிறது, பெற்றோரே அதன் போக்கைத் திருப்புகிறார்கள் என்றும் நபிமொழி உண்டு. இயல்பும் வளர்ப்பும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நூஹ் (அலை) அவர்களின் மகனும் இப்றாஹீம் (அலை) அவர்களின் தந்தையும் யார் என்று தெரிந்த நாம், பரம்பரையை வைத்து ஒருவரைத் தீர்ப்பிடலாமா?

நாம் என்ன செய்யலாம்?

முதலில், கல்யாணப் பேச்சு. கடுமையான மனநோயான மனச்சிதைவையே எடுத்துக்கொள்வோம். பொதுவாக நூறில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் இந்நோய், தாய் அல்லது தந்தைக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூறில் பத்தளவு. ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. ஆனால் நூறில் தொண்ணூறு பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. குடும்பத்தில் நோய் இருந்தால் கவனமாக இருக்கவும் நேரத்தோடு வைத்தியரிடம் போகவும் அது காரணமாகட்டும். வாசலிலிருந்து திருப்பி அனுப்பக் காரணமாக வேண்டாம்.

இரண்டாவது, வீடும் பாடசாலையும். போதைக்கு அடிமையான ஒருவரின் மகன், மரபணுவோடு அந்த வீட்டையும் சேர்த்தே பெறுகிறான். மரபணுவை நாம் மாற்ற முடியாது. வீட்டு அடியை நிறுத்தலாம், மாலையில் அவன் போக ஒரு மைதானம் தரலாம், பள்ளிவாசலில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். “வாப்பாவைப் போலத்தான் வருவாய்” என்று அவனிடம் சொல்லாமல் இருக்கலாம். அந்த வார்த்தையும் அவன் வளரும் சூழலில் ஒன்றுதான்.

மூன்றாவது, அயலவர். கதிரவெளிப் பிள்ளைகள் 2006இல் கண்டதை, 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்டபோது நம் பிள்ளைகள் கண்டார்கள். இரு பக்கத்திலும் எஞ்சிய பயமும் கோபமும் ரத்தத்தில் பிறந்தவை அல்ல. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வரைந்தார்கள், கதை சொன்னார்கள், விளையாடினார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அது முடிந்தது. இன்று வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையே அப்படி ஒன்று செய்ய நமக்கு என்ன தடை?

பிள்ளைகள் எந்த விதையோடு வந்தார்கள் என்பது அல்லாஹ்வின் ஏற்பாடு. அவர்கள் வளரும் மண்ணைப் பற்றிய கேள்வி நம்மிடம் கேட்கப்படும். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்களாக அவன் நம்மை ஆக்குவானாக.