ட்ரோனுக்குக் கண் இருந்தால் மட்டும் போதுமா?

எதிரே மரமோ சுவரோ வந்தால் தானாகவே நின்றுகொள்ளும் வசதி, 2016-இல் டிஜேஐ நிறுவனத்தின் பேன்டம் 4 மூலம் சாதாரண மக்கள் வாங்கும் ட்ரோன்களில் பரவத் தொடங்கியது. இன்று அதே நிறுவனத்தின், கால் கிலோகூட எடையில்லாத மினி 4 ப்ரோ எல்லாத் திசைகளிலும் தடையைக் கவனிக்கிறது. நல்ல வசதிதான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதை நம்பியே ட்ரோன் விடப் பழகுகிறவர்கள் ஆபத்தான பழக்கத்தில் இறங்குகிறார்கள். கை தேர்ந்தவருக்கே சிரமமான இடங்களில்தான் அந்த வசதி பெரும்பாலும் கைவிடுகிறது.

அது பார்க்கும் விதத்தைக் கவனித்தால் காரணம் புரியும். பெரும்பாலான ட்ரோன்களில் அக்கம்பக்கமாக இரண்டு சிறு கேமராக்கள் இருக்கும். ஒரே புள்ளி இரண்டு படங்களிலும் எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது கருவி. எனவே எதிரே உள்ள பொருளில் பிடித்துக்கொள்ள ஏதாவது புள்ளி தெரிய வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரிலும் கண்ணாடியிலும் அசையாத நீர்ப்பரப்பிலும் அது கிடைப்பது அரிது. மின்கம்பி இன்னும் மோசம். மெல்லியது என்பது ஒரு பக்கம். அது கிடைமட்டமாக ஓடினால், கம்பியின் எந்த இடமும் அடுத்த இடத்தைப் போலவே இருக்கிறது. இடது படத்தின் புள்ளிக்கு வலது படத்தில் இணை எது என்று கணிக்க வழியில்லாமல் போகிறது. நம் தெருக்களில் மின்கம்பியும் கேபிளும் இல்லாத வானம் எங்கே இருக்கிறது? வெளிச்சமும் வேண்டும். பேன்டம் 4-இன் சென்சாருக்கு 15 லக்ஸுக்கு மேல் தேவை. இருட்டத் தொடங்கியபின் மாப்பிள்ளை அழைப்பைப் படமெடுக்கும் வீடியோக்காரருக்கு அது உதவும் என்று நம்ப முடியாது. ஸ்போர்ட் மோடுக்கு மாற்றினால், வேகம் கூடும் அதே நொடியில் தடை தவிர்க்கும் வசதி நின்றுவிடுகிறது.

மனிதக் கையைவிடச் சென்சார் வேகமானது, பின்னோக்கிப் பறக்கும்போது திரையில் தெரியாத கிளையை அதுதான் பார்க்கும் என்பார்கள். உண்மை. ஆனால் அது செய்வது கடைசி நேரத்தில் பிரேக் போடும் வேலை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கம்பி எங்கே போகிறது, திரும்பி வரும் உயரத்தை எவ்வளவு வைப்பது என்பதெல்லாம் அதற்கு முன்பே ஆள் முடிவு செய்ய வேண்டியவை. தொடர்பு அறுந்தால் ட்ரோன் முதலில் குறித்த உயரத்துக்கு ஏறி, பிறகு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்படி அமைத்திருப்பார்கள். மேலே பார்க்கும் சென்சார் இல்லாத ட்ரோன் மரக்கிளைக்கு அடியில் இருந்தால், அந்த ஏற்றமே அதை மோத வைக்கும். லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதமும் உண்டு. இருட்டுப் பிரச்சினையை அது பெருமளவு தீர்க்கும். ஆனால் 2024-இல் வந்த டிஜேஐயின் ஏர் 3எஸ்ஸில் அது முன்பக்கத்துக்கு மட்டும்தான்.

கருவியை மட்டும் நம்பக் கூடாது என்ற பாடத்தை விமானத் துறை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 2009-இல் அட்லாண்டிக்கின் மேல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்களில் பனி அடைத்து, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. பறக்கக்கூடிய நிலையில் இருந்த விமானத்தைக் கையால் நிலைநிறுத்த முடியாமல் 228 பேர் இறந்தார்கள். 2013-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், வாய்ப்புள்ளபோதெல்லாம் விமானிகள் கையாலும் ஓட்டிப் பழக வேண்டும் என்று விமான நிறுவனங்களை அறிவுறுத்தியது. அந்த விமானிகள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர்கள். நம் நாட்டு விதிகளிலோ 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமின்றி 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனை விடுவோருக்கும் பைலட் சான்றிதழே தேவையில்லை. பயிற்சியே இல்லாமல் பறக்கவிடலாம்.

ஆகவே புதிதாக ட்ரோன் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளில்லாத மைதானத்தில், பறக்க அனுமதியுள்ள இடத்தில், சென்சாரை அணைத்துவிட்டுப் பழகுங்கள். ட்ரோனின் மூக்கு உங்களைப் பார்க்கும்போது இடமும் வலமும் தலைகீழாகும். விரல்களுக்கு அந்தக் குழப்பம் தீரும்வரை, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பைக்கில் போடுவதுபோல, எட்டுப் போடுங்கள். அதன்பின் சென்சாரைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வாருங்கள்.