'சிவில் எடுத்தா வேலை கிடைக்குமா?' - சிவகாசி பக்கம் கேட்கப்படும் கேள்வியும் அதற்கான பதிலும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கலந்தாய்வு நெருங்கினால், விருதுநகர் மாவட்ட வீடுகளில் ஒரே பேச்சுதான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலைன்னா எதை எடுக்கிறது?" கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குப் போடும் கட்-ஆஃப் கணக்கில், சிவில் பெரும்பாலும் கடைசி சாய்ஸ். "வீடு கட்ட கொத்தனார் போதாதா?" என்று கேட்கும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

மாமாவுக்குப் பதில் சொல்ல வெளியூர் உதாரணம் தேவையில்லை. உள்ளூர் பட்டாசு ஆபீஸும் குடிதண்ணீருமே போதும்.

ஆபீஸ் சுவருக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு முறையும் 'உராய்வினால் தீப்பொறி' என்று செய்தி வரும். தீப்பொறி வருவது வேதியியல் சமாச்சாரம். அந்தத் தீ ஓர் அறையோடு நின்றதா, அடுத்த அறைக்குத் தாவியதா என்பதைத் தீர்மானிப்பதில் கட்டட அமைப்புக்குப் பெரிய பங்கு.

மருந்து கலக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையில் எவ்வளவு தூரம், ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கெல்லாம் 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் வரையறை இருக்கிறது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். கூரை கனமில்லாமல் இருந்தால் வெடிப்பின் அழுத்தம் மேல்பக்கமாக வெளியேறும். நடுவில் மண்மேடு போட்டால் பக்கவாட்டில் போகும் அதிர்வும் சிதறலும் குறையும். இதையெல்லாம் வரைபடத்தில் கொண்டுவந்த பிறகுதான் உரிமம். ஊரில் 'நாக்பூர் லைசன்ஸ்' என்று சொல்வது, அங்கே தலைமையகம் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு கொடுக்கும் உரிமத்தைத்தான்.

வரைபடத்தில் இருப்பதும் தரையில் நடப்பதும் ஒன்றல்ல என்பது ஊருக்கே தெரியும். மரத்தடியில் வைத்து மருந்து செலுத்தினால் எந்த இன்ஜினியரின் சுவரும் காப்பாற்றாது.

புகை பற்றிப் பேசுகிறோம், தண்ணீர்?

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்றது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. சிவகாசியில் பல குடும்பங்களின் வருமானத்தைத் தொட்ட தீர்ப்பு இது. பசுமைப் பட்டாசுக்கான கலவையை உருவாக்கிய 'நீரி' ஒரு சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், அதுவும் நாக்பூரில்தான். 1958-ல் பொதுச் சுகாதாரப் பொறியியல் நிறுவனமாகத் தொடங்கியபோது குடிநீரும் கழிவுநீரும்தான் அதன் முக்கியமான வேலை. சுற்றுச்சூழல் பொறியியல் இன்றும் பல கல்லூரிகளில் சிவில் துறைக்குள்ளேயே இருப்பதன் காரணமும் இதுதான்.

புகைக்கு நீதிமன்றம் வரை விவாதம் நடந்தது. தண்ணீருக்கு அவ்வளவு இல்லை. பட்டாசில் பயன்படும் பெர்குளோரேட் உப்பு நீரில் சுலபமாகக் கரையும், மண்ணில் தங்காமல் நிலத்தடிக்கு இறங்கும். உடலில் அதிகம் சேர்ந்தால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். தென்தமிழகப் பட்டாசுத் தொழில் பகுதியின் நிலத்தடி நீரில் இது இருப்பதாக 2013-லேயே ஆய்வு வெளிவந்தது. குடிநீரில் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. கொதிக்க வைத்தாலோ குளோரின் போட்டாலோ இது போகாது. ஆர்.ஓ. அல்லது அயனிப் பரிமாற்ற முறை வேண்டும், நுண்ணுயிர்களை வைத்தும் சிதைக்கலாம். எந்தக் கிணற்றில் எவ்வளவு, எந்தத் திசையில் நகர்கிறது, எந்த முறை கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடுவதுதான் சுற்றுச்சூழல் பொறியாளரின் வேலை.

வேறு வேலையும் இருக்கிறது. விருதுநகரின் சாக்கடை கௌசிகா ஆற்றில் கலந்து குல்லூர்சந்தை அணைக்குப் போகிறது. 2021-ல் மாநகராட்சியான சிவகாசி, குடிநீருக்கு வெம்பக்கோட்டை அணையையும் தாமிரபரணியிலிருந்து வரும் மானூர் திட்டத்தையும் நம்பியிருக்கிறது.

எங்கே படிக்கலாம்?

சிவகாசி அருகே மெப்கோ ஷ்லெங்க் கல்லூரி 1984-ல் தொடங்கியது. 'மெப்கோ' என்பது பட்டாசுக்கு அலுமினியப் பவுடர் தயாரித்த நிறுவனத்தின் பெயர். தொழிலும் கல்லூரியும் இந்த அளவு ஒட்டிக் கிடக்கும் ஊர் அபூர்வம். விருதுநகர் அருகே காமராஜ் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதற்குத் தனி அட்மிஷன், டி.என்.இ.ஏ. வழியாக அல்ல.

இளநிலையில் சிவில், முதுநிலையில் சுற்றுச்சூழல் என்பது பலரும் எடுக்கும் வழி. கிண்டி பொறியியல் கல்லூரி, சென்னை ஐ.ஐ.டி. இரண்டிலும் இந்த முதுநிலைப் படிப்பு உண்டு. 2021 முதல் கேட் தேர்வில் சுற்றுச்சூழலுக்குத் தனித் தாளே வந்துவிட்டது.

சம்பளம்?

ஆரம்பத்தில் ஐ.டி.யைவிடக் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. முதல் சில வருஷம் சைட்டில் வெயிலில் நிற்க வேண்டும். இந்த மாவட்டத்து வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. குடிநீர் வடிகால் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநகராட்சி, பொதுப்பணித் துறை என்று அரசு வேலைக்கான வாய்ப்புகள் இருந்தாலும் அறிவிப்பு எப்போது வரும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. நீர் சுத்திகரிப்பு, கழிவுநீர் நிலையம் அமைக்கும் தனியார் நிறுவனங்களில் நுழைந்து, வேலை பார்த்துக்கொண்டே தேர்வுக்குத் தயாராகலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பிளேஸ்மென்ட் போர்டோடு திரும்பிவிடாதீர்கள். சுற்றுச்சூழல் லேப் எங்கே என்று கேளுங்கள். கடைசியாக எந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்தார்கள் என்றும், சர்வே கேம்ப் எங்கே நடந்தது என்றும் அங்கிருக்கும் மூன்றாம் வருட மாணவரிடம் கேளுங்கள்.