மலை காட்டிய உலகம்

உலகில் எல்லா இடங்களிலும் ஒரே வகையான மரஞ்செடிகள் வளர்வதில்லை. ஓரிடத்தில் வானளாவிய மரங்கள் அடர்ந்து நிற்கின்றன; மற்றோரிடத்தில் புல்லன்றி வேறொன்றும் இல்லை; பிறிதோரிடத்தில் புல்லுமின்றி மணலே பரந்து கிடக்கிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண முயன்றவருள் சிறந்தவர், ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் ஆவார்.

தென் அமெரிக்காவில், நிலநடுக்கோட்டிற்கு அருகே, சிம்பொராசோ என்னும் எரிமலை உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 6,263 மீட்டர். உலகிலேயே மிக உயர்ந்த மலை அதுவே என்று அக்காலத்தார் எண்ணியிருந்தனர். 1802 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஹம்போல்ட் தம் தோழர்களுடன் அம்மலைமீது ஏறினார். கைகால்கள் விறைத்தன, மூச்சுத் திணறியது, ஈறுகளில் குருதி கசிந்தது. கொடுமுடியை அடையுமுன் பெரும்பிளவு ஒன்று குறுக்கிடவே, அவர்கள் திரும்ப நேர்ந்தது. கொடுமுடியை எட்டாவிடினும், அப்பயணங்களால் அவர் பெற்ற அறிவு பெரிது.

ஆண்டிஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் பனையினமும் வாழையினமும் செழித்திருந்தன. அவற்றிற்கு மேலே, குளிர்காய்ச்சலைப் போக்கும் கொயினாவைத் தரும் சிங்கோனா மரங்களும் ஓக் மரங்களும் காணப்பட்டன. இன்னும் மேலே செல்லச் செல்ல மரங்கள் மறைந்து குறுஞ்செடிகளும், அவை மறைந்து புல்லும், அதுவும் மறைந்து பாறையில் ஒட்டிய கற்பாசியும் தோன்றின. அதற்கப்பால் என்றும் உருகாத பனியே இருந்தது. இவ்வடுக்குகளை ஒரே படத்தில் வரைந்து, 1807 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி சென்டிகிரேடு குறையும். நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிச் செல்வோரும் இவ்வாறே வெப்பம் குறைவதைக் காண்பர். அவ்வழியில் பசுமை மாறாக் காடும், இலையுதிர் காடும், ஊசியிலைக் காடும், மரமற்ற தூந்திர நிலமும் முறையே வருகின்றன. ஆதலின், நிலநடுக்கோட்டருகே ஓர் உயர்ந்த மலைமீது ஏறுவது துருவத்தை நோக்கிப் பயணம் செய்வதை ஒக்கும் எனலாம்.

வெப்பம் மட்டும் போதுமா? மழையும் வேண்டும். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில் மோதி மழையைப் பொழிகிறது. அங்கே அமேசான் பெருங்காடு செழிக்கிறது. மேற்கே பெரு நாட்டுக் கடற்கரையோ பாலைநிலமாகக் கிடக்கிறது. மலை ஈரக்காற்றைத் தடுப்பதும், கரையோரத்துக் குளிர்ந்த கடல் நீரோட்டம் மழை மேகங்களை உருவாக விடாமையும் இதற்குக் காரணங்கள். அந்நீரோட்டத்திற்கு ஹம்போல்ட்டின் பெயரே வழங்குகிறது.

செடிகளும் தத்தம் சூழலுக்கேற்ப அமைந்துள்ளன. பாலைச் செடியின் தடித்த தண்டு நீரைச் சேமிக்கிறது. மலையுச்சிச் செடி குளிர்காற்றுக்கு அஞ்சியதுபோல் தரையோடு தழுவி வளர்கிறது; அதன் இலைகளைப் போர்வைபோல் நுண்மயிர் மூடியிருப்பதும் உண்டு.

2012 ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் சிம்பொராசோவில் மீண்டும் ஆராய்ந்தனர். செடிகள் ஹம்போல்ட்டின் காலத்தைவிட உயரமான இடங்களில் வளர்வதை அவர்கள் கண்டனர். பனிப்பாளங்களும் சுருங்கியிருந்தன. உலகம் வெப்பமடைந்து வருவதே இதற்குக் காரணம். கீழேயுள்ள செடியினம் குளிர்ச்சியை நாடி மேலே பரவலாம். உச்சியிலுள்ள செடி எங்கே செல்லும்? இவ்வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு மனிதராகிய நம்முடையதன்றோ?