ஒரு குக்கர் மரக்கறி சூப்

கௌபியை வெறும் சட்டியில் அவித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு விறகு வேண்டும். 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களிலிருந்து என் வீட்டில் சூப்புக்குப் பிரஷர் குக்கர்தான். உள்ளே நீராவி அடைபடுவதால் தண்ணீர் ஏறக்குறைய 120 பாகை வரை சூடேறும். இரவு ஊறவைத்த கௌபி கால் மணித்தியாலத்தில் வெந்துவிடும்.

நான்கு பேருக்கு அரைச் சுண்டு கௌபி, ஒரு பிடி மைசூர்ப் பருப்பு, ஒரு துண்டு பூசணி, 2 கரட், வெங்காயம், உள்ளி, மிளகு, மஞ்சள், உப்பு. எல்லாம் மூழ்கத் தண்ணீர் விடுங்கள். ஆனால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பருப்பு நுரைத்து ஆவித் துவாரத்தை அடைத்துவிடும். வெடித்துப்போன ரப்பர் வளையத்தோடும் சமைக்காதீர்கள்.

அந்த விசில்! திடீரென்று சீறும்போது எங்களில் பலருக்கு நெஞ்சு பதறும். என் மாமி இன்றைக்கும் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆவி வரத் தொடங்கியதுமே நெருப்பைக் குறையுங்கள். விறகடுப்பென்றால் ஒரு கொள்ளியை வெளியே இழுத்துவிடுங்கள். மெல்லிய இரைச்சல் மட்டுமே கேட்கும், சூப்பும் வேகும்.

இறக்கியபின் ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். திறந்ததும் ஒரு பிடி முருங்கையிலையைப் போட்டுக் கிளறினால் அந்தச் சூட்டிலேயே வதங்கிவிடும். கோப்பையில் ஊற்றியபின் தேசிக்காய் பிழியுங்கள். கௌபியிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர அது உதவும். தேத்தண்ணியோ அதைத் தடுக்கும். பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள்.