எண்ணும் ஆட்டமும் – 11: பண்டமாரானில் 143 ரன்

சென்ற வாரம் பந்துவீச்சுக் கணக்கு. இந்த வாரம் மட்டை. அதிலும் சிக்கலான பகுதி: இன்னும் வளர்ந்து முடிக்காத ஒரு பிள்ளையின் ரன்களை எப்படிப் படிப்பது?

மதுரைப் பெண் ஜி. கமலினியை எடுத்துக்கொள்வோம். இடது கை ஆட்டக்காரர், விக்கெட் கீப்பர். 2025 தொடக்கத்தில் நம் மலேசியாவில் நடந்த 19 வயதுக்குட்பட்ட பெண்கள் டி20 உலகக் கிண்ணத்தில் இந்தியாவுக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். அப்போது வயது 16. இந்தியா ஆடியதெல்லாம் கிள்ளான் பக்கம் பண்டமாரானில், பாயுமாஸ் திடலில். செந்தூலில் கொம்யூட்டர் ஏறினால் ஒரு வண்டி மாறி கிள்ளானில் இறங்கிவிடலாம். நம்மில் எத்தனை பேர் போனோம் என்று கேட்காதீர்கள்.

ஏட்டில் இருப்பது இது: 7 ஆட்டம், 143 ரன், இரண்டு அரைச்சதம், சராசரி 35.75. பார்க்க லட்சணமான கணக்கு. கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 16, மலேசியாவுக்கு எதிராக 4. இரண்டிலும் ஆட்டமிழக்கவில்லை. இலங்கையிடம் 5, வங்காளதேசத்திடம் 3. ஸ்காட்லாந்துக்கு எதிராக 51. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56. இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 8. ஆக, 143-ல் 107 ரன் இரண்டே ஆட்டத்தில் வந்தது. மற்ற ஐந்திலும் சேர்த்து 36.

சராசரி எப்படி 35-க்கு ஏறியது? மூன்று முறை ஆட்டமிழக்கவில்லை. அதனால் 143-ஐ நாலால் வகுக்கிறார்கள். அந்த மூன்றில் இரண்டு, அவர் உழைத்துச் சம்பாதித்தவை அல்ல. மேற்கிந்தியத் தீவுகள் 44 ரன்னில் சுருண்டது, இந்தியா 4.2 ஓவரில் முடித்தது. மலேசியா 31, அதை 2.5 ஓவரில் முடித்தது. அவுட் ஆவதற்கே நேரமில்லை.

இனி அந்த இரண்டு அரைச்சதங்கள். ஸ்காட்லாந்திடம் 42 பந்தில் 51. இங்கிலாந்திடம் 50 பந்தில் 56. வேகத்தில் முதலாவதுதான் மேல். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் விலை போகும். ஸ்காட்லாந்து ஆட்டத்தில் எதிர்முனையில் சக தொடக்க ஆட்டக்காரர் திரிஷா 59 பந்தில் 110 அடித்துக்கொண்டிருந்தார். இந்தியா ஒரே விக்கெட்டை இழந்து 208 எடுக்க, ஸ்காட்லாந்து 58-ல் முடிந்தது. அந்தப் பந்துவீச்சில் 42 பந்துக்கு 51 என்பது பெரிய சேதியில்லை. இங்கிலாந்து வேறு தரம். தேவை 114 மட்டுமே என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. 16 வயதில் அவசரப்படாமல் இருப்பதுதான் கடினம். திரிஷா அவுட் ஆன பிறகும் நின்று, 15-வது ஓவரில் ஆட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு விலை அதற்கு முன்பே குறித்தாகிவிட்டது. 2024 டிசம்பர் 15 அன்று மலேசியாவிலேயே 19 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆசியக் கிண்ணத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 29 பந்தில் 44 அடித்தார். அதே நாள் பெங்களூருவில் நடந்த மகளிர் பிரிமியர் லீக் ஏலத்தில் மும்பை அணி அவரை 1 கோடியே 60 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம்தான். மும்பைக்காரர்கள் அந்த 44-ஐப் பார்த்து மட்டும் கையைத் தூக்கியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்காக 8 ஆட்டத்தில் 311 ரன் அடித்திருந்தார். ஆனாலும் அது உள்ளூர்க் கணக்கு. எந்தப் படியில் அடித்தது என்ற கேள்வி விடாது.

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டுப் பழகியவர்கள் அமெரிக்க பேஸ்பால்காரர்கள். பெரிய லீக்குக்குக் கீழே படிப்படியாகச் சிறு லீக்குகளை வைத்து இளைஞர்களை ஏற்றியும் இறக்கியும் பார்க்கிறார்கள். கூடைப்பந்து மன்னன் மைக்கேல் ஜோர்டான் 1994-ல் அதில் மேலிருந்து இரண்டாம் படியான ‘டபுள் ஏ’யில் ஆடினார். 436 முறை மட்டை பிடித்து 88 அடி, சராசரி .202. மைக் டிரவுட் 2011-ல் அதே படியில் .326 அடித்தார், அந்த ஆண்டே மேலே அழைத்தார்கள். பெரிய லீக்கில் 40 ஆட்டத்தில் வெறும் .220. காகிதத்தில் .202-ம் .220-ம் அண்ணன் தம்பி. ஆனால் ஜோர்டானுக்கு வயது 31, டிரவுட் மேலே போனபோது 19. ஒருவர் கீழ்ப்படியில் தடுமாறினார், மற்றவர் உச்சியில். மறு ஆண்டு டிரவுட் பெரிய லீக்கிலேயே .326 அடித்து ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார்.

நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. 2008-ல் ஆண்களுக்கான 19 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணம் இங்கே நடந்தது. பூச்சோங் கின்ராரா திடலில் இறுதியாட்டம். போட்டியிலேயே அதிக ரன் யார்? பலரும் விராட் கோலி என்பார்கள். அவர் 235. தன்மய் ஸ்ரீவாஸ்தவா 262. தன்மய் உத்தரப் பிரதேசத்துக்காக ஆண்டுக்கணக்கில் ஆடினார், இந்தியாவுக்காக ஒரு முறைகூட ஆடவில்லை, பிறகு நடுவரானார். 27 ரன் வித்தியாசத்தை வைத்து அன்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால் கோவிந்தாதான்.

ஆகவே கமலினியின் 143-ல் நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த 50 பந்துகளை. 35.75 என்ற சராசரியை விட்டுவிடுகிறேன். பிறகு மகளிர் பிரிமியர் லீக்கில் பெங்களூருக்கு எதிராக வெற்றி ரன் அடித்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நல்ல அடிதான், ஆனால் அது ஒரு பந்து.

நம் பெண்கள்? இந்தியாவிடம் 31 ரன்னில் போனதும் பலர் கைகொட்டிச் சிரித்தார்கள். ஒருவர்கூட இரட்டை இலக்கம் தொடவில்லை, உண்மை. இன்னொரு எண்ணையும் பாருங்கள்: 14.3 ஓவர், அதாவது 87 பந்து. இதே இந்தியப் பந்துவீச்சுக்கு மேற்கிந்தியத் தீவுகள் 13.2 ஓவரில், 80 பந்தில் முடிந்துபோனது. ரன் வராவிட்டாலும் நின்றிருக்கிறார்கள். நம் தேர்வாளர்கள் பார்க்க வேண்டியது, அந்த 87-ல் யார் எத்தனை பந்தைத் தாங்கினார் என்பதை. அந்த ஏட்டை அடுத்த வாரம் விரிப்போம்.

(தொடரும்)