தேசாதிபதியின் கோப்புகள் – 9: கப்பலேற மறுத்த துரை

1937 ஏப்ரல் 22ஆம் திகதி மார்க் பிரேஸ்கர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரிடம் ஒரு கட்டளை நீட்டப்பட்டது. 24ஆம் திகதி மாலை ஆறு மணிக்குள் ‘மூல்தான்’ கப்பலில் ஏறி இலங்கையை விட்டுப் போய்விட வேண்டும். கட்டளையிட்டவர் தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ்.

பிரேஸ்கர்டில் லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1936இல் தேயிலைத் தொழில் பழக மடுல்கலை றெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தார். தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில், திரண்டிருந்த தோட்டத் தொழிலாளர் முன்னால் துரைமாரின் சுரண்டலைப் பற்றிப் பேசினார். தமிழன் பேசியிருந்தால் கங்காணியை வைத்து அடக்கியிருப்பார்கள். தங்கள் இனத்தவனே மேடையேறியதைத் துரைமாரால் பொறுக்க முடியவில்லை.

ஸ்டப்ஸ் யார் என்று பார்த்தால்தான் இந்த அவசரம் விளங்கும். 1919 முதல் 1925 வரை அவர் ஹொங்கொங்கின் தேசாதிபதி. 1922 ஜனவரியில் அங்கே சீன மாலுமிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். துறைமுகம் முடங்கியது. மற்றத் தொழிலாளரும் வேலையை விட்டார்கள். பெப்ரவரி 28ஆம் திகதி, ஒரே நாளில், அவசரகால ஒழுங்குவிதிச் சட்டமொன்று சட்டசபையில் நிறைவேறியது. தேசாதிபதியும் அவரது நிர்வாக சபையும் விரும்பிய விதியை எல்லாம் ஆக்கலாம். சில நாட்களில், கால்நடையாகச் சீன எல்லைக்குப் புறப்பட்ட தொழிலாளர் மீது ஷாட்டின் அருகே துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கேட்டது கூலி, கிடைத்தது அவசரகாலம். அந்தச் சட்டம் இன்னும் சாகவில்லை. 2019இல் ஹொங்கொங் ஆர்ப்பாட்டக்காரர் முகமூடி அணிவதைத் தடைசெய்ததும் அதே சட்டத்தை வைத்துத்தான்.

அந்த அனுபவத்தோடுதான் ஸ்டப்ஸ் 1933இல் கொழும்புக்கு வந்தார். 1937இல் அவர் கையிலெடுத்தது 1896ஆம் ஆண்டின் அரச கட்டளை. ஆனால் பிரேஸ்கர்டில் கப்பலேறவில்லை, தலைமறைவானார். மே 5ஆம் திகதி அரசாங்க சபை தேசாதிபதியைக் கண்டித்து 34க்கு 7 என்ற வாக்குகளால் தீர்மானம் நிறைவேற்றியது. அன்றே காலிமுகத்திடலில் பெருங்கூட்டம். தேடப்பட்டவர் மேடையில் தோன்றினார். பின்னர் கைதானபோது வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. போர் போன்ற நெருக்கடிக்கென ஆக்கிய அதிகாரத்தை அமைதிக் காலத்தில் பேச்சை அடக்கப் பயன்படுத்த முடியாது என்று பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஆப்ரகாம்ஸும் மற்ற நீதியரசர்களும் மே 18ஆம் திகதி அவரை விடுவித்தார்கள். இந்தத் தீவின் தொழிலாளர் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் தீர்ப்புகளில் இது ஒன்று.

பத்தே ஆண்டுகளில் அந்த வெற்றி கரைந்தது. 1947 மே, ஜூனில் அரசாங்க எழுதுவினைஞர்களும் கொழும்புத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 5ஆம் திகதி ஊர்வலத்தின் மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் உயிரிழந்தார். அந்தப் போராட்டத்தை அடக்கவென்றே அதே மாதம் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பிரித்தானியர் போய்விட்டார்கள், சட்டம் இருந்துவிட்டது.

பாண்டிருப்பில் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், அவசரகாலம் என்றால் போர், சுற்றிவளைப்பு, சோதனைச்சாவடி என்பார்கள். அதன் வேர் கூலிப் போராட்டத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. 2019 ஏப்ரலில் சாய்ந்தமருது மோதலுக்குப் பின் கல்முனை, சம்மாந்துறை, சவளக்கடைப் பகுதிகளில் ஊரடங்கு போட்டபோதும் நாட்டில் நடைமுறையில் இருந்தது 1947இல் பிறந்த இந்தச் சட்டத்தின் கீழான அவசரகாலம்தான். ஊரடங்கு நாளில் மருதமுனைத் தறி ஓடாது, கரைவலை இழுக்க ஆள் வராது, வயலில் நாட்கூலிக்கு நிற்பவன் வீட்டில் அடுப்பெரியாது. அந்த இழப்பை எந்தத் தேசாதிபதியும் எந்த ஜனாதிபதியும் கணக்கில் எடுத்ததில்லை.

அவசரகாலம் இல்லாத நாளிலும் இச்சட்டம் உறங்குவதில்லை. அதன் மூன்றாம் பகுதியின்படி ஒரு சேவையை அத்தியாவசியம் என்று ஜனாதிபதி அறிவித்துவிட்டால், அங்கே வேலைக்கு வர மறுப்பது குற்றம். தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து முதலில் நீக்கக் கோர வேண்டிய பகுதி இதுதான் என்பேன்.

அடுத்த வாரம்: 1940, முல்லோயாத் தோட்டம், கோவிந்தன்.